பருவ இடைவேளைக்குப் பின் படகுக்குத் திரும்பும்போது: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் வழிமுறை

அந்தமான் கடலில் பாய்மரப் படகு ஓட்டுவோருக்கு ஆண்டு இரண்டாகப் பிரிகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று சீராக வீசும். லங்காவித் தீவிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் வரையிலான ஏறத்தாழ 120 கடல் மைலைத் தீவு தீவாகத் தங்கித் தங்கிக் கடக்கலாம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும். அந்த ஆறு மாதங்களுக்குப் பலர் தம் படகை மலேசியாவின் லங்காவியிலோ, அதன் மேற்குக் கரையை ஒட்டியுள்ள ரெபாக் தீவின் படகுத் துறையிலோ கரையேற்றி, இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நவம்பரில் ஏணி வைத்து மேலே ஏறிப் பூட்டைத் திறக்கும் அந்தக் காலைப்பொழுதுக்காகவே இந்த வழிமுறை எழுதப்படுகிறது.

படகு ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். நான்கு பொருள்கள் அசையாமல் கிடந்ததால்தான் ஏறக்குறைய எல்லாப் பழுதுகளும் வருகின்றன: குழாய்களில் தேங்கிய நீர், தொட்டியில் தேங்கிய டீசல், அறைகளில் அடைபட்ட காற்று, ஒன்றோடொன்று உரசாமல் களிம்பு பிடித்துப்போன உலோகம். ஓர் அறிகுறியைக் கண்டதும் 'எந்தக் கருவி கெட்டுவிட்டது' என்று கேட்பதற்கு முன், 'இந்த நான்கில் எது இங்கே நின்றுபோனது' என்று கேட்டால் பாதி நேரம் மிச்சமாகும். மலேசியா 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 அன்றுதான் எல்லையை முழுமையாகத் திறந்தது. அந்த இடைவெளியில் உரிமையாளர் வர முடியாமல் நின்ற படகுகளில் என்னுடையதும் ஒன்று. ஆறு மாதத்தில் மெல்லத் தொடங்குவது இரண்டு ஆண்டில் எங்கே போய் முடியும் என்பதை அப்போது கண்ணால் பார்த்தேன்.

முதல் நாளில் எதையும் முடுக்கக் கூடாது. முகர்வது, பார்ப்பது, அளப்பது, எழுதிக்கொள்வது ஆகியவை மட்டுமே அன்றைய வேலை. எஞ்சின் சாவியைத் தொடுவது இரண்டாம் நாளுக்குரியது. நீண்ட விமானப் பயணத்தின் களைப்போடும் 'ஓடுமா ஓடாதா' என்ற பதற்றத்தோடும் சாவியைத் திருப்பியவர்கள் சிறிய பழுதைப் பெரிதாக்கிக்கொண்டதை ஒவ்வொரு நவம்பரிலும் துறையில் காண்கிறேன்.

கதவைத் திறந்ததும் நாற்றம்

நாற்றம் எல்லாம் ஒன்றல்ல. எந்த நாற்றம் என்பதிலிருந்தே வழி பிரிகிறது.

சமையல் எரிவாயுவின் வாடை வந்தால் மின் பொத்தான் எதையும் தொடாமல், டார்ச்சைக்கூட உள்ளே வைத்து ஏற்றாமல், எல்லாத் திறப்புகளையும் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாமல் தரைப்பலகைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் குளம்போலத் தேங்கும். சிலிண்டரை மூடி, அது வைக்கப்பட்ட பெட்டியின் அடியில் உள்ள வடிகாலைச் சோதிக்க வேண்டும். வாயு கசிந்தால் கடலை நோக்கி வெளியே வழிந்தோடுவதற்காக வைக்கப்பட்ட அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருப்பது வெப்பமண்டலத் துறைகளில் மிகச் சாதாரணம். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிச் சோதிக்க வேண்டும். குமிழி வரும் இடமே கசியும் இடம்.

அழுகிய முட்டை நாற்றத்துக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, கழிப்பறைக் குழாயில் தேங்கிய கடல்நீர்: அதிலிருந்த நுண்ணுயிர்கள் மடிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவருகிறது. அருவருப்பானதே தவிர, கதவைத் திறந்து குழாயைக் கழுவினால் தீர்ந்துவிடும். மற்றொன்று ஆபத்தானது. கரை மின்சாரத்தில் சார்ஜரை மாதக்கணக்கில் இணைத்தே விட்டுச் சென்றிருந்தால், ஓர் அறை (செல்) செத்துப்போன ஈய-அமில பேட்டரியைச் சார்ஜர் விடாமல் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். அப்போதும் அதே நாற்றம்தான் வரும். ஆகவே இந்த நாற்றம் வந்தால் முதலில் கரையிலுள்ள மின்கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பின்பு, பேட்டரிப் பெட்டியைப் புறங்கையால் அணுகிப் பார்க்க வேண்டும். சூடாகவோ உப்பியோ இருந்தால் குளிரும்வரை எந்த முனையையும் கழற்றக் கூடாது, ஏனெனில் அங்கே ஹைட்ரஜன் வாயுவும் சேர்ந்திருக்கும். ஒரு சிறு பொறி போதும்.

பூஞ்சை வாடை மட்டும் என்றால் கவலை வேண்டாம், உழைப்பு மட்டும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும் தீவில் மூடிக் கிடந்த அறையில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் வியப்பு. வினிகரை நீரில் கலந்து துடைக்கலாம். ஆனால் பூஞ்சை ஒரே மூலையில் அடர்ந்திருந்தால் அது வாடையல்ல, தடயம்: அந்த இடத்துக்கு மேலே எங்கோ மழைநீர் இறங்குகிறது.

தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர்

படகு கரையில் நின்றிருக்க, உள்ளே எப்படித் தண்ணீர் என்று திகைக்க வேண்டாம், பெரும்பாலும் மழைதான். உறுதிப்படுத்த நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம், ஆயினும் அந்நீரில் டீசலும் கழிவும் கலந்திருக்கக்கூடும். ஒரு கரிய தட்டின் மேல் நான்கைந்து துளிகளை விட்டு வெயிலில் உலரவைத்தால், கடல்நீர் வெள்ளைப் படிகங்களை விட்டுச் செல்லும். மழைநீர் மங்கலான கறையை மட்டும் விடும்.

நன்னீர் என்று தெரிந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பின்தளத்தின் வடிகால் துளைகள். இலையும் பறவை எச்சமும் அடைத்துக்கொண்டால் பின்தளமே தொட்டியாகி, அங்குள்ள பெட்டிகளின் வழியாக நீர் உள்ளே வழியும். இரண்டாவது, பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீலின் (படகின் அடித்தண்டின்) மேல் நிற்கும் படகுகளில், பாய்க்கயிறுகள் உள்ளே நுழையும் துளைகள் வழியாக மரத்தின் உட்புறமாகவே மழைநீர் இறங்கும்; தளத்தில் என்ன பூசினாலும் அது நிற்காது. மூன்றாவது, கைப்பிடிக் கம்பிகளின் தாங்கிகள், சன்னல் விளிம்புகள். தளத்தில் குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக ஊற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் கொடுத்து, உள்ளே ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஊற்றினால் நனைந்தது மட்டும் தெரியும், வழி தெரியாது.

படகின் சொந்தக் குடிநீர்த் தொட்டி கசிந்திருக்கவும் கூடும். தொட்டி காலியாகவும் பள்ளம் நிறைந்தும் இருந்தால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

விளக்கு எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது

மல்டிமீட்டர் இல்லாமல் இந்தப் பகுதியைத் தொடங்கக் கூடாது. சார்ஜரையும் சூரியத் தகட்டையும் துண்டித்துச் சில மணி நேரம் ஓய்வில் விட்டபின் ஈய-அமில பேட்டரியின் முனைகளில் அளக்க வேண்டும். 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9-க்குக் கீழே என்றால் வெறுமை. 10.5-ஐ ஒட்டி நின்று, சார்ஜ் ஏற்றியும் மேலேறவில்லை என்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். அந்த பேட்டரியை மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும், இல்லையேல் நல்லவற்றையும் அது இழுத்துக் கெடுக்கும்.

வெறுமையாக நீண்ட நாள் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டிருக்கும். அது சார்ஜை வேகமாக ஏற்றுக்கொள்வதுபோல் காட்டி, மாலையில் இரண்டு விளக்கு ஏற்றியதும் விழுந்துவிடும். ஆகையால் சார்ஜ் ஏறிவிட்டது என்பதை நம்பாமல், தெரிந்த ஒரு சுமையை, எடுத்துக்காட்டாகக் குளிர்பெட்டியை, ஓர் இரவு ஓடவிட்டுக் காலையில் மறுபடி அளக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியில் முனைகளுக்கிடையே சுழி காட்டினால் அது செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மின்னழுத்தம் தாழ்ந்ததும் உள்ளிருக்கும் காப்புச் சுற்று தன்னைத் தானே துண்டித்துக்கொண்டிருக்கலாம். சில சார்ஜர்கள் பேட்டரியில் ஓரளவு மின்னழுத்தம் தெரிந்தால்தான் வேலை தொடங்கும் என்பதால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட எழுப்பும் முறையையே பின்பற்ற வேண்டும்; வேறு பேட்டரியை நேரடியாகக் குறுக்கே இணைத்து எழுப்ப முயல்வது தீயில் போய் முடியலாம்.

கரை மின்சாரத்தை இணைக்கும் முன் ஒரு சொல். மலேசியாவில் கிடைப்பது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவில் கட்டப்பட்ட படகின் 110 வோல்ட் கருவிகளை இதில் நேரடியாக இணைக்க முடியாது.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டும்

இந்த அறிகுறியில்தான் மிக அதிகப் பணம் வீணாகிறது. ஒருமுறை நானும் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி லங்காவியின் குவா நகருக்கு எடுத்துச் சென்று சோதித்துத் திரும்பக் கொண்டுவந்து, இரண்டு நாள் இழந்தபின், எஞ்சினின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த எதிர்முனைக் கம்பியின் கண்ணியில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதைக் கண்டேன். மணல்தாள் தேய்த்து இறுக்கியதும் எஞ்சின் சுழன்றது. அன்றிலிருந்து ஊகத்தை விட்டு அளவையே நம்புகிறேன்.

ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பேட்டரியின் முனைகளிலேயே மீட்டரை வைக்க வேண்டும். அளவு 9.5 அல்லது அதற்கும் கீழே சரிந்தால் பேட்டரி வலுவிழந்துள்ளது, அல்லது எஞ்சினே இறுகியுள்ளது. அளவு 12.5-இலேயே அசையாமல் நின்று 'டக்' ஒலி மட்டும் கேட்டால், பேட்டரியில் குறையில்லை. மின்சாரம் வழியில் தடைபடுகிறது. இப்போது மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எதிர்முனைக் கம்பிதான். அதே சோதனையை நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய திருகு வரை செய்ய வேண்டும். இரண்டும் சரி என்றால் மட்டுமே ஸ்டார்ட்டரையோ அதன் சோலினாய்டையோ (அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) சந்தேகிக்க வேண்டும்.

கம்பிகளை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தாங்கிகளின் மேல் நிற்கும் படகில் எலி ஏற ஒரு கயிறு போதும்.

எஞ்சினே கல்லாக இறுகி நின்றால், சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். அந்நிலையில் திரும்பத் திரும்ப முடுக்குவது இணைப்புத் தண்டை வளைத்துவிடும். எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பாலில் கலந்த காப்பிபோல வெளுத்திருந்தால் மெக்கானிக் வரும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது.

எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

கரையிலோ நீரிலோ, இந்த வேலைக்கு முன் மறக்கக் கூடாத ஓர் எச்சரிக்கை உண்டு. எஞ்சின் பற்றாமலே நீண்ட நேரம் சுழன்றால், குளிர்விப்பு பம்ப் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இருக்காது. நீர் புகைப்பெட்டியில் நிரம்பிப் பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள் புகும். ஆகவே மூன்று நான்கு முயற்சிக்கு மேல் போனால் கடல்நீர் வால்வை மூடி வைத்து முயல வேண்டும், எஞ்சின் பற்றிய அந்த நொடியில் திறக்க வேண்டும். மூடிய வால்வு நினைவிலிருக்கச் சாவியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவைப்பது என் பழக்கம்.

இனி காரணத்துக்கு வருவோம். டீசல் எஞ்சினுக்குக் காற்றும் எரிபொருளும் போதும், மின்பொறி தேவையில்லை; காற்று வடிகட்டியில் குளவிக்கூடோ பறவைக்கூடோ இல்லை என்றால் மீதம் இருப்பது எரிபொருள்தான். முதல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து, கால் மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். அடியில் தெளிந்த நீர் படலமாக நின்றால் தொட்டியில் ஈரம் சேர்ந்திருக்கிறது. நீருக்கும் டீசலுக்கும் நடுவே கரிய சளிபோன்ற படலம் மிதந்தால் அது டீசலில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை.

லங்காவியில் இதைத் தனியாகக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் 20 விழுக்காடு கலந்த பி20 டீசலை மலேசியா 2020-இல் இந்தத் தீவில்தான் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை உறிஞ்சிவைக்கும். நுண்ணுயிர்களுக்கும் அது எளிய உணவு. நாள்தோறும் தொட்டி காலியாகி நிரம்பும் லாரிக்கு இதில் சிக்கலில்லை. ஆறு மாதம் அசையாமல் நிற்கும் படகின் தொட்டிக்குத்தான் சிக்கல். கிளம்பும்போது தொட்டியை விளிம்புவரை நிரப்பி, நுண்ணுயிர்க் கொல்லி சேர்த்துவிட்டுப் போயிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பீர்கள். இல்லையென்றால், இப்போது கொல்லியை ஊற்றுவது மட்டும் தீர்வாகாது. செத்த படலம் பிரிந்து வந்து வடிகட்டியை அடைக்கும். தொட்டியின் அடியிலிருந்து டீசலை உறிஞ்சி வெளியே எடுத்து, வடிகட்டி, மிச்சத்தைத் துடைத்தெடுப்பதே வழி.

வடிகட்டியை மாற்றியபின் எஞ்சின் பற்றாதது பழுதல்ல. உள்ளே காற்று புகுந்துள்ளது. கைப்பம்பை அழுத்திக்கொண்டே, முதலில் நுண்வடிகட்டியின் மேலுள்ள திருகை, பின்பு உட்செலுத்தும் பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை காத்திருந்து இறுக்க வேண்டும். தொட்டியிலிருந்து எஞ்சின் நோக்கி, வரிசை மாறாமல். காற்று மறுபடி மறுபடி சேர்ந்தால் வடிகட்டி மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும்; பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் போட்டிருப்பார்கள்.

எஞ்சின் ஓடுகிறது, புகைக்குழாயில் தண்ணீர் வரவில்லை

உடனே நிறுத்த வேண்டும்; அரை நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது. வால்வு மூடியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அடுத்து கடல்நீர் வடிகட்டி. அடுத்து இம்பெல்லர், அதாவது குளிர்விப்பு பம்பினுள் சுழலும் ரப்பர் சக்கரம். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் வளைந்த நிலையிலேயே உறைந்துவிடும். சிலவேளை பம்பின் சுவரோடு ஒட்டிக்கொண்டு முதல் சுழற்சியிலேயே பிய்ந்துவிடும். ஊருக்குப் போகும்முன் அதைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பியதும் புதியதைப் போடுவதே நல்லது. பொருத்தும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் திரவமோ தடவலாம். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

பிய்ந்த இதழ் கிடைக்கும்வரை வேலை முடியவில்லை. ஆறு இதழில் ஐந்துதான் கையில் இருக்கிறது என்றால், ஆறாவது நீரோட்டத்தோடு போய் வெப்பப் பரிமாற்றியின் வாயில் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் புதிய இம்பெல்லர் போட்டால் தண்ணீர் வரும், ஆனால் குறைவாக. நடுக்கடலில் வேகம் கூட்டும்போதுதான் சூடேறும். என் படகில் இரண்டு ஆண்டுக்குப் பின் கண்டெடுத்தது ஒன்றல்ல, வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த மூன்று துண்டுகள்.

படகை நீரிலேயே விட்டுச் சென்றவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. 29 பாகை வெப்பமுள்ள, நீரோட்டம் குறைந்த துறையில் சில வாரங்களிலேயே கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிரி) நீர் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். புரொப்பெல்லரிலும் அவை அப்பியிருக்கும்; அப்போது எஞ்சின் கரும்புகை விடும், படகு நகராது, எஞ்சினைக் குறை சொல்வார்கள். மூழ்கிச் சுரண்டிவிட்டுத்தான் வேறு எதையும் ஆராய வேண்டும்.

கடல்நீர் வால்வின் பிடி அசையவில்லை

இது கரையில் இருக்கும்போது மட்டுமே தீர்க்கக்கூடிய பழுது. ஆகவே, படகை இறக்கும் நாள் குறிக்கும் முன்பே ஒவ்வொரு வால்வையும் முழுமையாகத் திறந்து மூடிப் பார்த்திருக்க வேண்டும். அசையாத பிடியைச் சுத்தியலால் தட்டவோ நீண்ட குழாய் செருகி நெம்பவோ கூடாது. உடைவது பிடியாக இருக்காது, படகுடலோடு சேரும் கழுத்தாக இருக்கும். வெளிப்புறத்திலிருந்து துளைக்குள் பார்த்தால் உள்ளே கொட்டலசு உலர்ந்து இறுகியிருப்பது தெரியும். அதைச் சுரண்டியெடுத்து, எண்ணெய் விட்டு, வெந்நீர்த் துணியால் வால்வின் உடலைச் சூடாக்கி, இரு பக்கமும் சிறுகச் சிறுக அசைக்க வேண்டும்.

கத்தி முனையால் உலோகத்தைச் சற்றே கீறிப் பார்ப்பதும் அவசியம். மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்த துத்தநாகம் கடல்நீரில் கரைந்து, பஞ்சுபோன்ற செம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை மாற்றாமல் படகை இறக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதன் துளைக்குப் பொருந்தும் மென்மரக் கட்டை ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும்.

கழிப்பறை, குடிநீர், மற்றவை

கழிப்பறைப் பம்பின் பிடி கல்லாக இறுகியிருந்தால் ரப்பர் உலர்ந்திருக்கிறது. கிண்ணத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெயும் வெந்நீரும் ஊற்றி ஓர் இரவு விட்டால் இளகும். நீர் வெளியே போய்த் திரும்ப வந்தால், வெளியேற்றுக் குழாயின் வாய்வால்வில் (நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் ரப்பர் வால்வு) சுண்ணம் படிந்துள்ளது, மாற்றிவிடுவது நலம்.

குடிநீர் பம்ப் ஓடியும் நீர் வரவில்லை என்றால் பம்பின் முன்னுள்ள சிறு வடிகட்டியின் மூடியில் காற்றுக் கசிவு இருக்கும். நீர் நாறினால் தொட்டியைக் கழுவி நிரப்பி, வாசனை சேர்க்காத 5 விழுக்காடு பிளீச்சை 100 லிட்டருக்கு 100 மில்லி வீதம் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து முழுவதும் வெளியேற்றி, இருமுறை நன்னீர் நிரப்பிக் கொட்ட வேண்டும். அலுமினியத் தொட்டிக்கு இந்த முறை ஆகாது.

வேகமானி சுழியைக் காட்டினால் அடியிலுள்ள சக்கரம் அசையவில்லை. விரலால் சுற்றிவிட்டால் போதும். பாய் சுருட்டும் உருளை இறுகியிருந்தால் நன்னீரை ஊற்றி ஊற்றிச் சுழற்ற வேண்டும்; எண்ணெய் விட்டால் தூசி சேரும். உயிர்காப்பு உடைகள், ஒளிச்சமிக்ஞைகள் (அபாயத்தில் கொளுத்தும் தீச்சுடர்கள்), வாயு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றின் காலாவதி நாளை இப்போதே படித்துவிட வேண்டும். இம்பெல்லர், ரப்பர் வளையங்கள், வடிகட்டிகள் ஆகியவற்றை ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவரலாம். ஒளிச்சமிக்ஞைகளையும் பெரிய லித்தியம் பேட்டரிகளையும் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது.

படகை இறக்கியதும் உள்ளே நீர்

படகை இறக்கும் தூக்கியின் பட்டைகளில் தொங்கும் நிலையிலேயே, அதை நகர்த்த விடாமல், ஒருவர் உள்ளே இறங்கி ஒவ்வொரு வால்வையும், புரொப்பெல்லரின் தண்டு படகுடலை விட்டு வெளியேறும் இடத்தையும் டார்ச் அடித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். தூக்கியின் ஓட்டுநர் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடம் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

அந்த இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு, தண்டைச் சுற்றித் திரி இறுக்கும் பழைய வகைக் கிளாண்ட் என்றால், உலர்ந்த திரி ஊறும்வரை சற்றுக் கூடுதலாகச் சொட்டும். உடனே இறுக்கிவிடக் கூடாது. ஒரு நாள் பொறுத்து, தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டும் அளவுக்கு வைத்து, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் அதிகமாக இறுக்கப்பட்டுள்ளது. ரப்பர் உதடுள்ள புதிய வகையில் சிக்கல் தலைகீழானது. அங்கே கசியாது, ஆனால் உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றாவிட்டால் நீர் எட்டாமல் ரப்பர் கருகிவிடும். இரு விரலால் அதை அழுத்தி, காற்று போய் நீர் கசியும்வரை பிடித்துவிட வேண்டும். துருத்தி வடிவ வகையில் துருத்தியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து நீர் பீறிட்டதும் விட வேண்டும். எஞ்சினை முன்னோக்கிப் போடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.

அன்று இரவு படகிலேயே தங்க வேண்டும். உலர்த்திய பள்ளத்தில் பென்சிலால் கோடு போட்டு, முதல் ஆறு மணி நேரம் மணிக்கொருமுறையும், பின்பு விடியலிலும் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில், அரை மணி கழித்து எஞ்சின் மூச்சடைத்து நிற்கிறது

துறையில் ஒரு மணி நேரம் அழகாக ஓடிய எஞ்சின், வெளியே சென்றதும் வேகம் குறைந்து குறைந்து நிற்கும். இரண்டு காரணங்கள். எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்டால், தொட்டியின் காற்றுக்குழாய் அடைபட்டுள்ளது. படகின் பக்கவாட்டிலுள்ள அந்தச் சிறு துளையில் மறுபடியும் குளவிக்கூடுதான். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தால் எஞ்சின் பழையபடி ஓடும். ஒலி ஏதும் இல்லையென்றால், அலையின் ஆட்டத்தில் தொட்டியடிச் சேறு கலங்கி வடிகட்டியை அடைத்திருக்கிறது. மாற்றினாலும் அடுத்ததும் அடைபடும். குறைந்தது நான்கு வடிகட்டிகள் கைவசம் இருக்க வேண்டும்.

அதனால்தான் முதல் ஓட்டத்தை லங்காவியின் தென்மேற்கு விரிகுடாக்களுக்குள்ளேயே, நங்கூரத்தைக் கொக்கி கழற்றி விடத் தயாராக வைத்துக்கொண்டு, பெரிய பாயின் உறையைக் கழற்றிக் கயிற்றைப் பூட்டியபடி, காற்று கரையை நோக்கி வீசாத நேரம் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூன்று மணி நேரம், அதில் அரை மணி முழு வேகத்துக்கு அருகில். திரும்பி வந்து வடிகட்டியின் கிண்ணத்தை மறுபடி கண்ணாடிச் சீசாவில் பிடித்து, இரண்டாம் நாள் பிடித்த சீசாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தெளிவில் இருந்தால் புக்கெட்டுக்குப் போகும் குடிநுழைவு, சுங்கத் தாள்களுக்கு மறுநாள் குவாவுக்குப் புறப்படலாம்.